பூஜை வைத்த தூண்டில்

கிரிஷ் வாங்கிய தூண்டிலில் முதன்முதலாக மாட்டியது ஒரு தடியங்காய், அதாவது நீர்ப்பூசணி. சாம்பல் பூத்து, காம்பு வாடாமல், நாலு கிலோவுக்குக் குறையாத காய். பொன்முடிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டின் நடுவே கிடக்கிற ஏரியிலிருந்து, விஜயதசமி அன்று பிற்பகலில், கூடாரம் அடித்துத் தங்க வந்திருந்த கழக்கூட்டத்து மென்பொருள்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. முள் தோலில் சும்மா பேருக்குத்தான் ஏறியிருந்தது. எஸ்டேட் காவல்காரர் காயைத் தட்டிப் பார்த்து, முற்றல் இல்லை, நல்ல காய்தான் என்றார். வந்தவர்களில் ஒருத்தி, சாலைக் கடைத்தெருவில் தடியங்காய் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று சொன்னாள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிரிஷ் மட்டும் முகம் செத்துப்போய் நின்றான். அவனுக்கு வேண்டியிருந்தது மீன்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்த பையனுக்கு மீன் எதற்கு என்று கேட்கலாம். வெங்காயமே அமாவாசை, கிருத்திகை பார்த்து உள்ளே வருகிற வீடு அது. அப்பா இருந்தவரைக்கும் பத்மநாப சுவாமி கோவிலில் வேலை பார்த்தார். அம்மா சீதாலக்ஷ்மிக்கு ஆற்று மீனுக்கும் கடல் மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கிரிஷ் கல்யாணம் செய்துகொண்டது கூட வேலை பார்த்த நாச்சியாரை. அவள் சுசீந்திரம் பக்கத்து நாஞ்சில் நாட்டுப் பெண், மீன் தின்று வளர்ந்தவள். சீதாலக்ஷ்மி ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் தானாகவே இறங்கி வந்தாள். மீன் வாசற்படி தாண்டக் கூடாது, அவ்வளவுதான் அவள் பிடிவாதம். நாச்சியாரும் சரி என்றாள். வெளியே கேண்டீனில் சாப்பிட்டுக்கொள்வாள், வீட்டில் மோர்க்குழம்பை வழித்து வழித்துச் சாப்பிடுவாள். அவள் பசியைப் பார்த்துச் சீதாலக்ஷ்மி அரைப்படி அரிசி கூடப் போட ஆரம்பித்தாள், அதில் அவளுக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது.

போன கார்த்திகையில் நாச்சியாருக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிற்று. அதோடு அவள் பசியும் போயிற்று. உடம்பு தேறியது, ஆபீஸுக்குப் போனாள், யாராவது வேடிக்கையாகப் பேசினால் சிரிக்கக்கூடச் சிரித்தாள். பசி மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டர்கள் எடுக்காத படமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மணி பார்த்துச் சாப்பிட்டாள். போட்டதைச் சாப்பிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். ஒருநாள் சீதாலக்ஷ்மி சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். அதற்கும் நாச்சியார் நல்லா இருக்கு என்றாள். கைகழுவப் போனவளைப் பார்த்துக்கொண்டே நின்ற மாமியார், அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இப்படி இருக்கையில், ஆவணியில் ஒரு சாயங்காலம், போனில் யாரோ மீன் பிடிக்கிற வீடியோ ஓடியது. நாச்சியார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "சின்னதுல அப்பாகூட கால்வாய்ல தூண்டி போடப் போவேன். ஒரு கெளுத்தி கெடைக்கதுக்குள்ள என்னா பசி பசிக்கும் தெரியுமா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கிரிஷ் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். பூஜை விடுமுறைக்கு ஆபீஸ் கூட்டம் காட்டில் கூடாரம் போடப் போகிறது; அங்கே ஒரு மீனைத் தன் கையால் பிடித்து அவள் முன்னால் வைத்துவிட்டால் பசி வந்துவிடும் என்று அவன் தீர்மானித்தான். தீர்மானம் எப்படியிருந்தாலும், அவன் அதுவரைக்கும் ஒரு மீனைத் தொட்டதுகூட இல்லை.

மென்பொருள்காரன் செய்வதைத்தான் அவனும் செய்தான். வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தான். ஆரம்பக்காரர்களுக்கான பெட்டி, நூறு சாமான் உள்ளே, பாதி விலை என்று போன் அவனைத் துரத்தியது. வாங்கிவிடத்தான் இருந்தான். ஆபீஸ் முடிந்து கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, சாலைக் கடைத்தெருவில் கயிறும் வலையும் தார்ப்பாயும் விற்கிற கோலப்பன் கடையைத் தாண்டும்போது, எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று நுழைந்தான்.

கோலப்பன் போனில் அந்தப் பெட்டியின் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "புதுசா பிடிக்கப் போறவாளுக்கு இது வேண்டாம் கேட்டேளா. நூறு சாமான்ல தொண்ணூறு பொட்டிக்குள்ளயே கெடக்கும். கம்பு விலை கொறஞ்சது போதும். ரீலும் தங்கூசும் மட்டும் நல்லதா வாங்கணும். மீனு கம்பையா கடிக்கப் போகு?" தங்கூஸ் என்றால் தூண்டிலில் கட்டுகிற நைலான் நரம்பு. மடக்குக் கம்பு பைக்குள் அடங்கும், ஆனால் கணுக்கணுவாக ஆடும் என்று சொல்லி, இரண்டாகக் கழற்றுகிற ஆறரை அடிக் கம்பு ஒன்றை எடுத்தார். நடுத்தரமாக ஒரு ரீல், நாலு கிலோ தாங்குகிற தங்கூஸ், சின்ன முள் ஒரு டப்பி, கொஞ்சம் ஈயக்குண்டு, இரண்டு தக்கை. முள் சின்னதாக இருந்தால் சின்ன மீனும் மாட்டும், பெரிய மீனும் மாட்டும் என்றார். இரைக்குக் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டினால் போதும், புழுவைத் தொடவேண்டாம் என்றதும் கிரிஷுக்குப் போன உயிர் வந்தது. நீங்கள் என்ன மீன் பிடிப்பீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டான். "நானா? நான் முட்டைகூட தொட மாட்டேன் சார்," என்றார் கோலப்பன். வாங்குகிறவர்கள் திரும்பி வந்து திட்டுவதைக் கேட்டுக் கேட்டே அவர் தொழில் படித்தவர்.

தூண்டிலை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? மீன் தாண்டக் கூடாத படியைத் தூண்டில் தாண்டலாமா என்று யாரும் பேசி முடிவெடுத்திருக்கவில்லை. துணிப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, கூடத்து மூலையில் சாய்த்துவைத்தான். "காமிரா ஸ்டாண்டாக்கும் அம்மா. ஆபீஸ் சாமான்," என்றான். சீதாலக்ஷ்மி தலையாட்டினாள். அன்றைக்கு அஷ்டமி. திருவனந்தபுரத்தில் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. வீட்டிலிருக்கிற புத்தகம், கருவி, கணக்குச் சாமான் எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கிறவரைக்கும் யாரும் தொடக் கூடாது. கிரிஷ் குளித்துவிட்டு வருவதற்குள், அவன் லேப்டாப்புக்கும் நாச்சியாரின் லேப்டாப்புக்கும் நடுவில், அரிவாள்மணைக்கும் குடைக்கும் பக்கத்தில், துணிப்பையும் ஏறி உட்கார்ந்திருந்தது. இறக்கு என்று சொல்ல அவனுக்கு வாயில்லை.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தார்கள். கிரிஷ் பையை அறைக்குள் கொண்டுபோய்த் திறந்து பார்த்தான். கம்பின் மூட்டில் சந்தனம், ரீலில் குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகை. முள் டப்பியைத் திறந்தால் ஒவ்வொரு முள்ளிலும் கடுகளவுக்குச் சந்தனப் பொட்டு. அம்மா ஜிப்பைத் திறந்திருக்கிறாள். ஆனால் அவள் வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்துவிட்டுப் பார்த்துப் போங்கோ என்று மட்டும் சொன்னாள். துடைத்துவிடலாமா என்று கிரிஷ் ஒரு நிமிஷம் யோசித்தான். மனசு வரவில்லை.

இனி ஏரிக்கரை. தடியங்காய்க்குப் பிறகு அவன் இடம் மாறிப் போட்டான். வெள்ளரிக்காய் வந்தது. ஆழமாகப் போட்டான், ஈரமண் ஒட்டிய சேனைக்கிழங்கு ஒன்று வந்தது. பக்கத்தில் டீம் லீடர் சுமந்த், வெளிநாட்டுக் கம்பும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று இரண்டு மீன் பிடித்துவிட்டான். கம்பை மாற்றிப் பார்ப்போம் என்று கிரிஷின் தூண்டிலை வாங்கி அவன் வீசினான், வாழைக்காய்ச் சீப்பு ஒன்று வந்தது. "கொள்ளாமல்லோடா கிரிஷே, நாளைக்குச் சந்தைக்குப் போகண்டா," என்று, பரவாயில்லையே, சந்தைக்கே போகவேண்டாம் என்கிற அர்த்தத்தில் மலையாளத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தான். பொறாமைப்படாத ஆள். தான் பிடித்ததில் பெரிய மீனை மிளகு தடவிச் சுட்டு, வாழையிலையில் வைத்து நாச்சியாரிடம் கொண்டுவந்து நீட்டினான்.

கிரிஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். நாச்சியார் உட்கார்ந்து, பழகிய விரலால் முள்ளை ஒதுக்கி, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இலையை மடித்தாள். "நல்லா இருக்கு," என்றாள். உப்பில்லாத சாம்பாருக்குச் சொன்ன அதே குரல். மீன் அவள் முன்னால் வந்து போய்விட்டது, பசி வரவில்லை. அவன் வாரக்கணக்கில் கட்டிவைத்திருந்த எண்ணம் இடிந்து விழுந்தது.

ஒருவேளை தானே பிடித்துக் கொடுத்தால்தானோ என்று மறுநாள் விடிந்ததும் போய் நின்றான். காவல்காரரிடம் மண்புழு வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு, சிவ சிவா என்று சொல்லி, அதைத் தன் கையால் முள்ளில் மாட்டினான். அவன் பரம்பரையில் அப்படிச் செய்த முதல் ஆள் அவன்தான். வீசி இழுத்தால் ஒரு கட்டுப் பயறு வந்தது. மண்புழு ஒரு காயமும் இல்லாமல் முள்ளிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் போயிற்று. பிறகு முருங்கைக்காய். பிறகு சின்னதாக ஒரு புடலங்காய். கிரிஷ் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஈரப்புல்லில் உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. பின்னால் நாச்சியார் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

அவள் காய்க் குவியலைப் பார்த்தாள். "இதை என்ன செய்யப் போற?" என்று கேட்டாள்.

"என்ன செய்ய? எல்லாம் அவியல் காய். தேங்கா இருக்கு, சுமந்த்கிட்ட தயிர் பாக்கெட் இருக்கு. அவியல் வைக்க வேண்டியதுதான்," என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தயிரா?" என்றாள் நாச்சியார்.

"ஆமா, தயிர்தான். நம்மாத்துல விடறது தயிர்தானே."

"மூணு வருசமா உங்க வீட்டுல நானும் பாக்கேன். அது அவியலா கிரிஷ்? காய் போட்ட மோரு. எங்க ஊர்ல இப்பிடி வச்சா பந்தியில எலைய மூடிட்டு எந்திரிச்சிருவாவ. அவியலுக்குப் புளிப்புன்னா மாங்கா போடணும். அதுவும் புளிச்ச நாட்டு மாங்கா, தோலோட."

கிரிஷ் வாய் திறந்தபடி அவளைப் பார்த்தான். பதினோரு மாதமாக எதைப் போட்டாலும் நல்லா இருக்கு என்றவள், இதோ ஒன்றை நல்லா இல்லை என்கிறாள். முகம் சிவந்திருந்தது. ஐப்பசியில மாங்காய்க்கு எங்கே போக என்று அவன் முணுமுணுத்தான். அவள் கம்பை எடுத்தாள், ஒரு மாவு உருண்டையைக் குத்தினாள், இடுப்பை ஒரு சொடுக்குச் சொடுக்கி நடு ஏரிக்கு வீசினாள். கால்வாயில் பழகிய கை. தக்கையைப் பார்த்தபடி நின்றாள். வெயில் ஏறியது. கூடாரத்திலிருந்து எல்லோரும் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். கால் மாற்றி நின்றாளே தவிர அவள் கம்பைக் கொடுக்கவில்லை. கடைசியில் தக்கை ஒரேயடியாக உள்ளே போயிற்று. நாச்சியார் நிதானமாகச் சுற்றி இழுத்தாள். காம்பில் இரண்டு இலையோடு, பால் வடிந்துகொண்டு, ஒரு கொத்து மாங்காய் கரைக்கு வந்தது.

அவள் ஒன்றைப் பறித்து முந்தானை இல்லாத குறைக்குச் சட்டையில் துடைத்துக் கடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். "அடுப்ப மூட்டு கிரிஷ்," என்றாள். "பசிக்கி."

அடுப்பு மூட்டுவதற்குள் மிச்ச மாங்காயையும் தின்று தீர்த்துவிடுவாளோ என்று சுமந்த் பயந்து ஒன்றைப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. அவியல் வெந்தது. நாச்சியார் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். மூன்றாம் தடவை போடும்போது கை நின்றது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், குழந்தைக்காக அவள் அழுததைக் கிரிஷ் அன்றைக்குத்தான் பார்த்தான். அழுது முடித்துவிட்டு, சோற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.

அதன்பின் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை காலைகளில் அவர்கள் வெள்ளாயணி ஏரிக்குப் போகிறார்கள். மீன் தேவைப்பட்டால் பக்கத்தில் தூண்டில் போடுகிறவரிடம் இரண்டு புடலங்காய் கொடுத்து மாற்றி, நாச்சியார் தன் சிநேகிதி வீட்டில் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வருவாள். தெருவில் இன்றைக்கு என்ன காய் என்று கேட்பார்கள், வெண்டைக்காய் என்றால் அரைக் கிலோ எனக்கு எடுத்துவை என்பார்கள். தூண்டிலுக்கு இப்போது கூடத்திலேயே ஓர் ஆணி அடித்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது, அது காமிரா ஸ்டாண்ட் இல்லை என்று எப்போது தெரிந்தது என்று கிரிஷ் அம்மாவைக் கேட்டான்.

"காமிராவுக்கு எதுக்குடா முள்ளு?" என்றாள் சீதாலக்ஷ்மி. "பாத்ததுமே தெரிஞ்சுது. இவளுக்காகத்தான் நீ மீன் பிடிக்கப் போறேன்னும் தெரிஞ்சுது. பிடிச்சுக் குடுக்கட்டும்னுதான் பூஜைல வெச்சேன். ஆனா சரஸ்வதி முன்னாடி நின்னுண்டு மீன்னு சொல்ல நேக்கு வாய் வரல்லை. இந்தப் பொண்ணு வயிறாரச் சாப்பிடணும், என்ன குடுக்கணும்னு நீயே பாத்துக்கோன்னு விட்டுட்டேன்."

நாச்சியார் தட்டை மாமியார் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ அத்தே," என்றாள்.