இடது ஓரத்துக் காய்

1

இந்தக் கதையை நான் கண் ஆஸ்பத்திரியில் திருடினேன். போர்ட் சயீதில் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி. எனக்கும் கண் அழுத்தம் கொஞ்சம் அதிகம். எங்கள் ஊரில் அதை நீலத் தண்ணீர் என்பார்கள். வெளியே பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். உள்ளே யாருக்கோ பரிசோதனை. தாடையைத் தாங்கியில் வைத்து நேரே பார்க்க வேண்டும்; ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும்.

"ஹஜ்ஜி, வெளிச்சம் தெரிஞ்சாத்தான் அழுத்தணும். நீங்க பாட்டுக்கு அழுத்திக்கிட்டே இருக்கீங்க!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"எப்படியும் வரத்தானம்மா போகுது? கொஞ்சம் முன்னாடியே அழுத்தினா என்ன குறைஞ்சிடும்?"

"இது செல்லாது. அடுத்த வாரம் மறுபடி வாங்க."

கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவர் வந்தார். முகமெல்லாம் வெற்றி. அக்குளில் மூலை உடைந்த தாவ்லா ஆட்டப் பலகை. "எல்லாத்தையும் அழுத்திட்டேன், ஒண்ணு விடல" என்று பெஞ்சில் இருந்த எங்களுக்கு அறிவித்துவிட்டுப் போய்விட்டார். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

2

அவருக்கு பயூமி என்று பெயர் வைத்தேன். முதல் வாக்கியம்:

[பயூமியின் உலகத்தை இரு பக்கமும் இருட்டு நெருக்கிக்கொண்டு]

பாதியில் விட்டுவிட்டேன். அது பொய். இருட்டெல்லாம் தெரியாது என்று டாக்டர் என்னிடமே சொல்லியிருக்கிறார். பார்வை போன இடத்தை மூளை, அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்து ஒட்டுப்போட்டுவிடுமாம். அதனால்தான் நோய் முற்றும்வரை பலருக்கும் தெரிவதே இல்லை. (நான் இந்தக் கதைக்குச் செய்வதும் அதேதான். கண்டுகொள்ளாதீர்கள்.)

சரி, மறுபடியும். பயூமி கால்வாயில் கப்பல்களுக்குக் கயிறு கட்டி ஓய்வு பெற்றவர். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் காப்பிக் கடைக்கு வந்து பழைய நண்பன் ஷெஹாத்தாவோடு தாவ்லா ஆடுவார். பகடையை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். தோற்றவன் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தெருவே பார்க்க வீடு போய்ச் சேர வேண்டும். மறுநாள் அவனே சுமந்து வர வேண்டும். வாழ்நாளெல்லாம் சுமந்தவன் ஷெஹாத்தா. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது.

(பயூமி 'அவர்', ஷெஹாத்தா 'அவன்'. இருவருக்கும் ஒரே வயதுதான். என்ன செய்ய, திருடனுக்கு மரியாதை கொடுக்க மனசு வரவில்லை.)

3

ஆமாம், திருடன். ஒரு நாள் ஷெஹாத்தாவின் சட்டைக் கை பட்டு, பயூமிக்கு இடது ஓரத்தில் இருந்த காய் நகர்ந்துவிட்டது. பயூமி அதைக் கவனிக்காமல் பகடையை உருட்டினார். மறுநாள் நகர்த்தியது சட்டைக் கை அல்ல.

[ஷெஹாத்தா கெட்டவன் இல்லை, ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்ற]

அந்த வரியை அடித்துவிட்டேன். அவனுக்கு வக்காலத்து வாங்க நான் யார்? அவன் அதை ரசித்துத்தான் செய்தான். பயூமி பலகையோடு தெருவில் போவதைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டில் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கித் தின்றான்.

அப்புறம் அந்த மோட்டார் சைக்கிள். பயூமி தெருவைக் கடக்கும்போது இடது பக்கமிருந்து வந்து பலகையில் மோதியது. மூலை உடைந்தது, முழங்கை சிராய்ந்தது. "இந்தப் பசங்க வானத்துலருந்து குதிக்கிறானுங்க" என்று பயூமி திட்டினார். அந்த வண்டி வெகுதூரத்திலிருந்து நேராக வந்ததைக் கடை வாசலில் இருந்தே பார்த்தவன் ஷெஹாத்தா.

மறுநாளே விசாரிக்கிற சாக்கில் வீட்டுக்குப் போனான். பயூமியின் மனைவி இன்ஷிராஹ் குளிர்பெட்டியைத் திறந்து சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினாள்.

"நோன்புல நிறுத்தினாரு, ஷெஹாத்தாண்ணே. சொட்டு விட்டா தொண்டையில கசக்குது, நோன்பு முறிஞ்சிடும்னாரு. முறியாதுன்னு இமாமே சொன்னாரு. விட்டதும் கண் மூலையை விரலால அழுத்திப் பிடிச்சா கசப்பு இறங்காதுன்னு டாக்டரும் சொன்னாரு. கேட்டாத்தானே? பெருநாள் முடிஞ்சும் தொடல. 'வலிக்குதா, சிவந்திருக்கா, நல்லாத்தானே தெரியுது'ன்னு என்னையே மடக்குறாரு. இன்னைக்குக் காலையில பரிசோதனைக்கு அனுப்பினேன், பாஸ் ஆயிட்டேன்னு வந்து நிக்கிறாரு. நான் என்னத்தச் சொல்லி நம்ப வைக்க?"

என்ன சொன்னால் நம்புவார் என்று ஷெஹாத்தாவுக்குத் தெரியும். உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும்.

* போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்து மிச்சத்தைத்தான் காப்பாற்றும். அவன் தயங்குகிற நாளெல்லாம் பயூமியின் கணக்கில்தான் போகிறது.

4

முடிவு ஒன்று: ஷெஹாத்தா வேண்டுமென்றே தோற்க ஆரம்பிக்கிறான். பலகை பழையபடி அவன் அக்குளுக்கு வருகிறது. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது: மருந்துக் குப்பியை யாரும் தொடவில்லையே! கிழித்தேன்.

முடிவு இரண்டு: உண்மையைக் கேட்ட பயூமி பலகையைக் கால்வாயில் வீசி எறிந்துவிட்டு

வேண்டாம். சினிமா.

5

"டீ கேட்டு எவ்வளவு நேரமாச்சு! தூங்கிட்டியாடா?" என்று கடைக்காரனைப் பார்த்துக் கத்தினார் பயூமி.

ஷெஹாத்தா இடது ஓரத்திலிருந்து ஒரு காயை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது எங்க இருந்துச்சு, சொல்லு."

"உன் கையில."

"அதுக்கு முன்னாடி?"

பயூமி பலகையைப் பார்த்தார். அவருக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

"உன் இடது பக்கம்டா. உன் கண்ணு முன்னாடியே எடுத்தேன். பெருநாளுக்கு அப்புறம் தினமும் எடுக்கிறேன். ஒரு நாள்கூட நீ பார்க்கல."

"தினமுமா?"

"தினமும்."

பயூமியின் முகம் மெல்ல மலர்ந்தது. "அடப்பாவி! அப்ப நான் தோக்கவே இல்லையா?" மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "கேட்டீங்களாய்யா, இந்தத் திருட்டுப்பய ஒரு நாளும் ஜெயிக்கலையாம்!"

"சிரிக்காதடா. அந்த மோட்டார் சைக்கிளும் அந்தப் பக்கந்தான் வந்துச்சு."

சிரிப்பு நின்றது. பயூமி முகத்தைத் திருப்பவில்லை. இடது கையை மட்டும் மேசைமேல் மெதுவாக நகர்த்தினார். விரல் கண்ணாடிக் குவளையில் இடித்தது. அவர் கேட்ட டீ. எப்போதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆறிப்போயிருந்தது.

6

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பயூமி எழுந்துவிட்டார். பலகை மேசைமேல் இருக்கிறது. இன்று தோற்றவர் யார் என்று நீங்களே பார்த்து அவர் அக்குளில் வையுங்கள். ஷெஹாத்தாவை அவர் மன்னிப்பாரா, வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறப்பாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தை இதற்குமேல் ஒட்டுப்போட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷெஹாத்தா நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார் (ஆமாம், இப்போது 'அவர்'தான்), பயூமி கூப்பிட மாட்டானா என்று. பயூமி தெருவோரம் வந்துவிட்டார். வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. எதற்கும் நீங்கள் கொஞ்சம் எழுந்து, அவருக்கு இடது பக்கமாக வந்து நில்லுங்கள்.