பத்து நிமிஷ தூரம்

சென்ற ஆண்டு மார்ச் பதினான்காம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கு, வட்டச்சாலையில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள வளைவில், சிந்திக் கிடந்த ஜல்லியில் சறுக்கி ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்தது. வண்டி பதினோரு மீட்டர் இழுபட்டுப் போனதாகப் போலீஸ் குறிப்பில் இருக்கிறது. ஓட்டியவர் ஜீன்ஸ் போட்டிருந்தார். அவருக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. பின்னால் இருந்தவர் மெல்லிய பருத்தி பேன்ட் போட்டிருந்தார். அவருக்கு இடது முழங்காலில் தொடங்கித் தொடையின் வெளிப்பக்கம் வரை தோல் போயிற்று. இருவரும் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள். இருவரும் கணவன் மனைவி.

பதினைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகல், அந்தக் கணவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான உடைகள் விற்கும் கடைவாசலில் நின்றிருந்தான். மனைவி இரண்டு எட்டு பின்னால் நின்று, கண்ணாடிக்குள் வரிசையாக மாட்டியிருந்த தலைக்கவசங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் வந்திருந்தார்கள். வண்டி வீட்டில், உறை போட்டபடி கிடந்தது. அதை அவன் அப்போதே பழுது பார்த்துவிட்டான். ஞாயிறுதோறும் உறையை நீக்கிக் கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி மூடிவிடுவான். எங்கும் போகாமலே அந்த வண்டிக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அரை மில்லிமீட்டர் தப்பினால் தலைவலி என்று வந்து நிற்பார்கள் என்பதால், எதையும் இரண்டு தடவை அளக்கும் பழக்கம் உண்டு. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருப்பவள். தைத்து வரும் உடைகளை உள்வெளியாகப் புரட்டி, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஒரு நாளைக்கு நானூறு உருப்படி. அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கடையில் யாராவது பூதக்கண்ணாடி கேட்டு வந்தால், "ஒண்ணு இருக்கு, வீட்டுல இருக்கு, விக்கிறதுக்கில்ல" என்று அவன் சொல்வதுண்டு. விபத்துக்குப் பிறகு அந்த வேடிக்கையை அவன் விட்டுவிட்டான்.

முன்பெல்லாம் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போனார்கள். அவள் தொழிற்சாலைக்கும் அவன் கடைக்கும் இடையே நான்கு தெருதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் தொழிற்சாலை வேனில் போக ஆரம்பித்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் சாப்பிடும்போது, வேன் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தப்போகிறார்கள், இனி இரண்டு பஸ் மாற வேண்டும் என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமானால் தான் கொண்டுபோய் விடுவதாக அவன் சொன்னான். அவள் தண்ணீர் ஊற்றிக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாக்கலாம்" என்றாள்.

அவர்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்பதற்குப் பல அர்த்தங்கள் உண்டு. கூப்பிடுகிற உறவுக்காரர்களுக்கு என்றால் வரமாட்டோம். புதுத் திரைச்சீலைக்கு என்றால் அடுத்த மாதம். அவனுக்கு என்றால் பெரும்பாலும், நீ கேட்டது காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனாலும் மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் படிக்க ஆரம்பித்தான். விழுந்தாலும் கிழியாத ஜீன்ஸ் என்று ஒன்று இருப்பதும், அதன் உள்ளே குண்டு துளைக்காத சட்டைகளில் போடும் மஞ்சள் நார்த்துணி வைத்துத் தைப்பதும், முழங்காலிலும் இடுப்பிலும் மெத்தைக் காப்பு செருக உள்பாக்கெட் இருப்பதும் அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது. லென்ஸுக்கு எண் போல அதற்கு எழுத்து. ஒற்றை ஏ என்றால் சுமார், இரட்டை ஏ என்றால் நல்லது, மூன்று ஏ என்றால் அதற்கு மேல். எந்த எழுத்து எத்தனை நொடி தார்ச்சாலையில் தாங்கும் என்று கட்டம் போட்டு எழுதினான். "பரீட்சை எப்போ?" என்று அவள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக் கேட்டாள். நோட்டை மூடவும் இல்லை, திறந்து காட்டவும் இல்லை, கை வைத்து மறைத்துக்கொண்டான்.

அளவையும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் 'பாக்கலாம்' என்பது 'வேண்டாம்' ஆகிவிடுமோ என்று பயம். அவள் வேலைக்குப் போயிருந்த, அவனுக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த ஜீன்ஸை அளவு நாடா வைத்து அளந்தான். மேல் வீட்டுக்காரர் துணி எடுக்க வந்து நின்று பார்த்தார். பட்டன் தேடுவதாகச் சொல்லி அவரையும் சேர்த்துத் தேட வைத்தான்.

இத்தனைக்கும் அடியில் ஒரு வாக்கியம் கிடந்தது. அன்று காலை அவள் பருத்தி பேன்ட்டோடு வாசலுக்கு வந்தவள், படியிலேயே நின்று, அஞ்சு நிமிஷம் இருங்க, ஜீன்ஸ் மாத்திக்கிட்டு வரேன் என்றாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷ தூரம்தானே, அப்படியே ஏறு என்று அவன்தான் சொன்னான். அவள் ஏறினாள். ஆஸ்பத்திரியில் என்ன உடை போட்டிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, காட்டன் பேன்ட் என்று மட்டும் சொன்னாள். அவன் கட்டில் கால்மாட்டில் நின்று, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. பதினைந்து மாதமாக வரவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் உடை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டாள். காயத்துக்குப் போட்ட கட்டை முதலில் நர்ஸ் மாற்றினாள், பிறகு அவளே மாற்றிக்கொண்டாள். ஆறிய இடத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை.

கடைக்காரர் பருமனான ஆள். எப்போதோ உடைந்து வளைந்தே சேர்ந்த சுண்டுவிரல். கடை நடுவில் சக்கரம் கழற்றிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை மரமேடையில் திருகி நிறுத்தியிருந்தார். லென்ஸ்காரன் நோட்டைத் திறந்து மடமடவென்று ஒப்பித்தான். எழுத்து, நார்த்துணி, தையல், காப்பின் கனம். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "அண்ணே, நாளையிலேருந்து நீங்க கல்லாவுல உக்காருங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

அவன் பட்டியலில் முதலாவதாக இருந்த ஜீன்ஸ் மேஜைக்கு வந்தது. இரட்டை ஏ. அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். ஜீன்ஸை எடுத்து ஒரே உதறலில் உள்வெளியாகப் புரட்டினாள். கால் தையலை இரண்டு கட்டை விரலாலும் பிரித்து இழுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், மஞ்சள் துணியின் விளிம்பை விரலால் ஓட்டிக்கொண்டே போனாள். முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலே விரல் நின்றது. அங்கிருந்து இடுப்பு வரை வெறும் ஜீன்ஸ் துணிதான்.

"இங்க ஒண்ணும் இல்லையே" என்றாள். சொல்லும்போது அவள் இடது கை அவளையறியாமல் தன் தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போயிருந்தது.

இரண்டு மாதம் படித்ததில் எந்தக் கட்டத்திலும் அது இல்லை. எழுத்து இருந்தது, நொடி இருந்தது. துணி எந்த இடத்தில் முடிகிறது என்பது இல்லை. அவன் நோட்டை மூடினான். கடைக்காரர் அந்த ஜீன்ஸை மடித்து வைத்துவிட்டு, உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை முழுக்க மஞ்சள் உள்துணி வைத்துத் தைத்தது. கொஞ்சம் புழுக்கமாக இருக்கும் அக்கா என்றார். புழுங்கினால் புழுங்கட்டும் என்று அவள் அதையும் புரட்டினாள். தையல் தப்பவில்லை. உள்ளே விளிம்பு பிரியாமல் அடித்த ஓவர்லாக் நூல்தான் சொரசொரப்பு, எங்கள் இடமாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன் என்றாள்.

அளவு கேட்டார் கடைக்காரர். அவன் முந்திக்கொண்டு, இடுப்பு முப்பது என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "யார் சொன்னா?"

"அளந்தேன். மாடியில, கொடியில காஞ்சுதே."

"சாயம் போனதா? பின்பாக்கெட்டுல பூ போட்டதா?"

"ஆமா."

"அது என் தங்கச்சியோடது. வந்திருந்தப்போ விட்டுட்டுப் போயிட்டா." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு மாசமா என் தங்கச்சிக்கா ஜீன்ஸ் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

கடைக்காரர் தலைக்கவசம் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவனுக்குக் காது சுட்டது. ஆனால் அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போது ஒரு கணக்கு மனதில் ஓடியது. விடை பிடிபடவில்லை.

நாடாவைக் கடைக்காரரிடமிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். இடுப்பு முப்பத்தி நாலு அங்குலம். பிறகு சல்வார் துணிக்கு மேலாகவே வலது தொடையைச் சுற்றி அளந்து, ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்றாள். இடது தொடை, ஐம்பத்தைந்து. நூல் விலை சொல்வதுபோல் சொன்னாள். கடைக்காரர் எழுதிக்கொண்டார். அவன் அந்த இரண்டு எண்களையும் கேட்டபடி நின்றான். எதிரில் வருகிறவர்களின் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லக்கூடியவன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு கால் மூன்று சென்டிமீட்டர் இளைத்தது தெரியாது.

அவள் ஜீன்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக் கதவருகில் போய்த் திரும்பினாள்.

"அஞ்சு நிமிஷம் இருங்க. மாத்திக்கிட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது.  அதே சொற்கள்; வேண்டுமென்று சொன்னாளா, தானாக வந்ததா என்று குரலில் ஒன்றும் தெரியவில்லை. உட்காருங்கள் என்று கடைக்காரர் ஸ்டூலை நகர்த்தினார். அவன் உட்காரவில்லை. எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று, ஏழு ஆயிற்று. ஏழு நிமிடம் என்பது இவ்வளவுதானா என்று தோன்றியது. அன்று இதைத்தான் கொடுக்க முடியாமல் போயிற்று.

கதவு ஒரு சாண் திறந்தது. "உள்ள வாங்க" என்றாள்.

சின்ன அறை. இரண்டு பேர் நின்றால் கண்ணாடியில் நான்கு பேர். அவள் ஜீன்ஸைப் போட்டுப் பார்த்து, பாதி இறக்கிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கால் வெளிச்சத்தில் இருந்தது. வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தோல், வலைபோல் சின்னச் சின்னக் கட்டங்களாக, சுற்றிலும் உள்ளதைவிட வெளுத்து, ஓரங்களில் மினுமினுத்தது. அவன் கற்பனை செய்து வைத்திருந்தது இதைவிட மோசம். அவ்வளவு மோசமாக இல்லாததே அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"இந்த ஓவர்லாக் எந்த இடத்துல படுதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். "அங்க உணர்ச்சி கம்மி. உரசினாலும் புண்ணான அப்புறம்தான் தெரியும். உங்களுக்கு விரல்ல தெரியுமே."

லென்ஸ் விளிம்பு வழுவழுப்பானதா என்று கட்டைவிரலால் சுற்றிப் பார்ப்பது அவன் வேலை. அவன் தரையில் மண்டியிட்டான். தையல் ஓரத்தில் ஒரு தடவை ஓட்டினான். பிறகு அவள் தொடையில், ஒட்டிய தோல் முடிந்து சொந்தத் தோல் தொடங்கும் இடத்தில், கட்டைவிரலை வைத்தான். 

"அன்னிக்கு நான்தான்..." என்று தொடங்கினான்.

"தெரியும்."

"அப்படியே ஏறுன்னு..."

"தெரியும்ங்க. பதினஞ்சு மாசமா அதைச் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடறீங்க, தொட்டி மீன் மாதிரி. பாத்துக்கிட்டுதானே இருக்கேன்." பாதி இறங்கிக் கிடந்த ஜீன்ஸின் விளிம்பை நீவினாள். "எனக்குக் கோவம் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. நிறைய இருந்துச்சு. இப்போ கொஞ்சம்தான் இருக்கு."

அவன் தலையசைத்தான்.

"இப்போ தையல் எங்க உரசுதுன்னு பாருங்க" என்றாள்.

பார்த்தான். மேலே இரண்டு அங்குலம் பட்டது. அந்த இடத்தில் மென்மையான பட்டி ஒன்று வைத்து மூடித் தைத்தால் போதும் என்றான். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள்.

அவள் வெளியே வந்தபோது நின்ற நிலையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. முழங்கால் காப்பு முழங்காலிலேயே இருந்தது. அவன் நோட்டில் கடைசியாக ஒரு சரி போட்டுவிட்டான். கடைக்காரர்தான் மேடையைக் காட்டினார். "நின்னு பாத்து வாங்கிட்டுப் போய், உக்காந்துதான் விழுறாங்க அண்ணே. ஏறி உக்காருங்க ரெண்டு பேரும்."

அவன் முதலில் ஏறினான். சக்கரமில்லாத வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான். எதிரே தலைக்கவச அலமாரி. பின்னால் மரம் கிரீச்சென்றது. தோளில் ஒரு கை வந்து அழுந்தியது, வண்டி இலேசாக ஆடி நின்றது, இரண்டு முழங்கால்கள் அவன் இடுப்பின் இருபுறமும் வந்து பட்டன.  கடைக்காரர் குனிந்து அவள் காலைத் தட்டிப் பார்த்து, பார்த்தீர்களா, மடக்கினதும் காப்பு மேலே ஏறிவிட்டது, முட்டி காப்புக்கு வெளியே வந்துவிட்டது என்றார். முழங்கால் இருக்கும் இடத்தில் வெள்ளைச் சாக்கட்டியால் கோடு போட்டார். உள்பாக்கெட்டை மூன்று விரற்கடை கீழே இறக்கித் தைக்க வேண்டும். அசையாமல் இருங்கள் அக்கா, இன்னொரு காலும் போட்டுவிடுகிறேன் என்றார். அசையாமல் இருந்தார்கள். கோடு போட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

அண்ணனுக்கு எது என்று கடைக்காரர் கேட்டபோதுதான், தனக்கென்று நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது. தனக்கு இருப்பதே போதும் என்றான். அவள் அலமாரிக்குப் போய் ஒன்றை உருவி எடுத்து உள்வெளியாகப் புரட்டினாள். முதலாவதை நிராகரித்தாள், இரண்டாவதையும். மூன்றாவதை அவன் மீது போட்டு, "போய் மாத்திக்கிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றாள்.

பேருந்தில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் சாம்பல் நிற பேன்ட்டில், இடுப்புக்குக் கீழே, அவள் முழங்கால்கள் பட்ட இரண்டு பக்கமும், சாக்கட்டிக் கோடு வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதை அவள் பார்த்தாள். தட்டிவிடுங்கள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரண்டும் தைத்து வந்தன. மாதக் கடைசியில் வேன் வருவது நின்றது. திங்கட்கிழமை காலை எட்டு முப்பதுக்கு அவன் வண்டியின் உறையை நீக்கி, மடித்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். உள்ளே அறைக்கதவு திறந்திருந்தது. அவள் மாற்றிக்கொண்டு வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.