பெனினோவை எழுப்பாதீங்க

நவம்பர் பாதிகூடத் தாண்டவில்லை. நேப்பிள்ஸில் வெயில் இன்னும் பிடரியைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் பொம்மைக்காரர்களின் சந்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைக்க, டிசம்பர் எட்டாம் தேதி அமலோற்பவ மாதா திருநாள் வரவேண்டும். அதற்கு முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து வைத்தாலும் எதிர்வீட்டுக்காரர்கள் பால்கனியில் நின்று சிரிப்பார்கள். ஆனால் வேடிக்கை பார்ப்பதற்கும் தின்பதற்கும் எந்த மாதாவும் தடை போடவில்லை.

முன்னால் போன குடும்பம் திடீரென்று நின்றது. அதன் முதுகில் மோதிய ஆனியெல்லோ முணுமுணுத்தார்: "நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சிக்னல் காட்ட மாட்டாங்களா?"

"டிரைவரே, நீங்க ரிட்டயர் ஆயாச்சு. ஹாரன் அடிக்காம வாங்க," என்றாள் நுன்சியா.

ஆனியெல்லோ வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவர். அவருடைய பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில்தான் நுன்சியாவின் சலவைக்கடை இருந்தது. அவர் மனைவியை இழந்தவர். அவள் கணவனை இழந்தவள். அவள் கடையை நிரந்தரமாக மூடிய பிறகு, சட்டைக்குப் பட்டன் தைத்துத் தரும் சாக்கில் தொடங்கிய பழக்கம், ஞாயிறு தோறும் ஊர்சுற்றலாக வளர்ந்திருந்தது. அதிகாலை டூட்டி பார்த்த உடம்பு என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். சினிமாவில் தூங்கினார், திருப்பலியில் தூங்கினார், அவளுடைய அக்கா மகள் கல்யாணத்தில் கேக் தட்டைப் பிடித்தபடியே தூங்கினார். நுன்சியா அத்தனையையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

இன்றைக்கு அவர் விழிப்பாக இருந்தார். காரணம் பொலோஞா.

வடக்கே அந்த ஊரில் இருக்கும் நுன்சியாவின் மகன் அவளை நிரந்தரமாக வந்துவிடச் சொல்லியிருந்தான். மாதா திருநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை அவள் போன வாரம் பீட்ஸா தின்றபடி, ஏதோ வானிலைச் செய்தி போலச் சொன்னாள். ஆனியெல்லோ வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "பொலோஞா நல்ல ஊருதான்," என்றார். இதைவிட முட்டாள்தனமான பதில் உலகத்தில் இருக்க முடியாது என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது.

வாயால் சொல்ல வராததைப் பொம்மையால் சொல்லிவிடலாம் என்று மறுநாளே இந்தச் சந்துக்கு ஓடிவந்தார். கேட்பவர்களின் முக ஜாடையிலேயே குடில் பொம்மை செய்து தருவதில் இங்கே கடை வைத்திருக்கும் தோன் லிபோரியோ கெட்டிக்காரர். நுன்சியாவின் படத்தை அவரிடம் கொடுத்தாயிற்று. பொம்மையை அவள் கையில் வைத்து, 'என் வீட்டுக் குடிலில் இதுக்கு ஓர் இடம் இருக்கு' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரே வாக்கியம். குளிக்கும்போது சொல்லிப் பார்த்ததில் நன்றாகவே வந்தது.

நுன்சியா வளையம் வளையமாய் இருந்த ரொக்கோக்கோ பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். "ஒண்ணு கடிங்க பாப்போம்."

"அது கருங்கல்லு. போன வருஷம் என் கட்டுன பல்லு அதுலதான் போச்சு."

"அப்போ சப்பிக்கிட்டே வாங்க, பச்சப்புள்ள மாதிரி."

கடை வந்தது. தோன் லிபோரியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ துடித்தது.

"வாங்கண்ணே! வாங்கக்கா! யாரோடத மொதல்ல எடுக்கட்டும்?"

ஆனியெல்லோவுக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. "என்னோடத," என்றார் அவசரமாக.

காகிதம் பிரிந்தது. மூக்கு அதே மூக்கு. புருவத்தில் அதே கிண்டல். ஆனால் இரண்டு கையும் ஒரு மரத்தொட்டிக்குள் முழங்கைவரை முங்கியிருந்தன, தோளில் ஈரத்துணி. துணி துவைக்கும் பெண்!

மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியம் ஆனியெல்லோவுக்கு மறந்தே போயிற்று.

நுன்சியா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஊரு அழுக்கையெல்லாம் தொவைச்சு இப்பத்தான் கை காஞ்சிருக்கு. இங்கேயும் தொவைக்க விட்டுட்டீங்களே டிரைவரே! யாரு துணி இது? உங்களுதா?"

"நான் சொல்லல! நான் எப்படி... லிபோரியோ, நான் எப்போ தொட்டி கேட்டேன்?"

"நான் கேட்டேனே அண்ணே, அக்கா கையில தொட்டி வைக்கவான்னு. நீங்க தலையை ஆட்டுனீங்க."

"எப்போ?"

"இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு. ரெண்டு வாட்டி ஆட்டுனீங்க. அப்புறம் கொறட்டையும் விட்டீங்க. கொறட்டையை நான் கணக்குல எடுத்துக்கல."

பக்கத்துக் கடைக்காரர்கூடச் சிரித்தார். ஆனியெல்லோ ஒரு பொலோஞா ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போவதைப் பார்ப்பவர்போல் நின்றார்.

"இப்போ அக்காவோடத எடுக்கட்டுமா?" என்று தோன் லிபோரியோ இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார்.

வைக்கோலில் கால் நீட்டி, வாய் பிளந்து தூங்கும் ஓர் இடையன். தலையில் வழுக்கை. சட்டையில் ஒரு பட்டன் இல்லை.

பெனினோ! எல்லாக் குடிலிலும் மலையுச்சியில் படுத்திருப்பானே, அந்தத் தூங்குமூஞ்சிதான். கீழே தெரியும் ஊர், சந்தை, மாட்டுத்தொழுவம் எல்லாமே அவன் காணும் கனவு. அவன் விழித்தால் குடிலே மறைந்துபோகும். அதனால் அவனை ஒருமுறை வைத்துவிட்டால் யாரும் அசைக்க மாட்டார்கள்.

"இது... நானா?"

"போட்டோவே தேவைப்படலண்ணே," என்றார் தோன் லிபோரியோ. "நீங்க எந்திரிச்சுப் போன மறுநாளே அக்கா வந்தாங்க. ஜாடை எனக்கு ஞாபகத்துலயே இருந்துச்சு."

ஆனியெல்லோ அசடு வழிந்தார். "நல்லாத்தான் பழி வாங்கிட்டீங்க. பொலோஞாவுல உங்க மகனுக்குக் காட்டிச் சிரிக்கலாம்."

நுன்சியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டிரைவரே, நீங்க இந்த ஊர்லதான பொறந்தீங்க?"

"ஆமா."

"பெனினோவை பொலோஞா வரைக்கும் ரயில்ல ஆட்டி ஆட்டிக் கொண்டுபோனா என்ன ஆகும்?"

"முழிச்சுக்குவான்."

"முழிச்சுக்கிட்டா?"

"எல்லாம் போச்சு."

"அப்போ?"

ஆனியெல்லோ யோசித்தார். அவர் முகத்தில் அது மெதுவாக, மேடேறும் பழைய பேருந்துபோல, முக்கி முனகி வந்து சேர்ந்தது.

"உங்க மகன்கிட்ட..."

"நேத்தே சொல்லிட்டேன். இங்க ஒருத்தர் தூங்குறாரு, எழுப்பாம பாத்துக்கணும்னு."

அவர் மறந்துபோன வாக்கியத்தைத் தேடினார். கிடைத்தது. "என் வீட்டுக் குடில்ல..."

"இடம் இருக்கு, தெரியும். ஆனா தொட்டியை எடுக்கச் சொல்லுங்க. கையில வேற ஏதாவது குடுங்கப்பா."

"ஒரு தலையணை வைக்கட்டுமாக்கா?" என்றார் தோன் லிபோரியோ.

ஆனியெல்லோ சந்தோஷம் தாங்காமல் பொட்டலத்திலிருந்து ஒரு ரொக்கோக்கோவை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். நுன்சியா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கடிச்சுத் தொலைக்காதய்யா! கல்யாணப் போட்டோவுக்குப் பல்லு வேணும்."

பிடித்த கையை அவள் விடவில்லை. சந்து முழுக்க அவர்களுக்குப் பின்னால் கூட்டம் தேங்கி நின்றது. யாரோ சத்தம் போட்டார்கள். ஆனியெல்லோ சிக்னல் எதுவும் காட்டாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.