பத்தொன்பது நாள்

ஜெயந்தினி பதினொரு மணிக்கே ஜெயித்துவிட்டாள். நுவரெலியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நோயாளிகள் விவரமெல்லாம் இருந்த அதன் டிஸ்க் விடியற்காலையில் செத்துப்போனது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தன் வீட்டு அறையில் உட்கார்ந்தபடியே, காப்புப் பிரதியிலிருந்து அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். கொழும்பிலிருந்து அவள் கம்பெனி மேலாளர் நிப்ராஸ் கூப்பிட்டார்.

"மாஷா அல்லாஹ், நல்ல வேல. வாற மாசம் ஒங்கள நிரந்தரமாக்குறேன்."

அந்தச் சந்தோஷம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. கடைசிப் பதிவின் தேதி தற்செயலாகக் கண்ணில் பட்டது. பத்தொன்பது நாள் பழசு.

பத்தொன்பது நாளுக்கு முன்னால் பழைய டிஸ்க்கிலிருந்து, இப்போது செத்துப்போன புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றியது அவள்தான். தினமும் பிரதி எடுக்கும் நிரலை மட்டும் புதியதன் பக்கம் திருப்பிவிட மறந்திருந்தாள். அந்த மடச் சாமான் பழையதையே திரும்பத் திரும்ப எடுத்து, 'வெற்றி' என்று பச்சை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. இவளும் நம்பினாள், பாவி. ஒருநாளாவது திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

இதில் பயங்கரம் என்னவென்றால், ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. திரையில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, ஒவ்வாமைக் கட்டமும் இருக்கிறது. போன வாரம் யாருக்காவது 'பென்சிலின் ஆகாது' என்று எழுதியிருந்தால், அந்தக் கட்டம் இப்போது வெறுமை. வெறுமையைப் பார்க்கிற டாக்டர் என்ன நினைப்பார்? போடலாம் என்றுதான் நினைப்பார்.

உடனே நிப்ராஸைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒருத்தருக்கும் சொல்லவாணாம். செத்த டிஸ்க்கிலேர்ந்து அந்திக்குள்ள மீட்டுப் போடுங்க. சொன்னா ஒங்க வேலயும் போகும், என்ட வேலயும் போகும்."

அந்திக்கு இன்னும் ஏழு மணி நேரம். ஏழு மணி நேரத்தில் எத்தனை ஊசி! அந்தத் தோட்டத்திலிருந்து இந்த வேலைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். போனால் இன்னொன்று கிடைக்குமா? ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை. அப்புறம் வார்டுக்குப் போன் எடுத்தாள்.

"மிஸி, திரையில உள்ளத நம்பாதீங்க! கடைசிப் பத்தொம்பது நாள் காணோம். என் தப்புதான். ஊசி போடுறதுக்கு முந்தி ஆள்கிட்டயே கேளுங்க!"

"என்னங்க சொல்றீங்க? எல்லாம் வந்திருச்சின்னு நீங்கதானே சொன்னீங்க?" தாதி நாகலெட்சுமி பதறினாள். "ஏழாம் கட்டில் புள்ளைக்கு இப்பத்தான் பென்சிலின் போட்டோம்."

போன் மேசையில் விழுந்தது. ஓட்டம், தள்ளுவண்டி, யாரோ டாக்டரைக் கூப்பிடும் சத்தம். ஜெயந்தினி "முருகா, முருகா" என்றாள்.

வெகுநேரம் கழித்து நாகலெட்சுமி மூச்சு வாங்கப் போனுக்குத் திரும்பி வந்தாள்.

"புள்ளைக்கு ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சுத் திணறிருச்சு. ஆகாதுன்னு அஞ்சு நாளைக்கு முந்தியே எழுதிக் குடுத்தாங்களாம், அம்மாக்காரி கத்துறாங்க. மாத்து ஊசி போட்டோம், பொழச்சிருச்சு. இன்னும் எத்தன பேருங்க இப்பிடி?"

அந்தக் கணக்குதானே அழிந்துபோனது.

"தெரியலைங்க மிஸி" என்றாள் ஜெயந்தினி.