பாட்டுக் கேட்க வந்த கப்பல்

திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை இறக்க வந்த கப்பல் ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு வந்து அஷ்பாக்கின் கடலோர ஒலிப்பதிவு அறைச் சன்னலடியில் நின்றது. உள்ளே இராசமலர் பாடிக்கொண்டிருந்தாள். சல்லிக் கிராமத்தில் கருவாடு காயப்போடுகிறவள். ஒலிவாங்கியை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவள்.

அஷ்பாக் நிலாவெளி ஹோட்டல்களில் கிற்றார் வாசிப்பவன். சொந்தமாக மூன்று இசைத்தட்டு வெளியிட்டிருந்தான். ஊருக்குள் மேயும் மான்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறருடைய பாட்டுகளைப் பதிந்து, இசை கோத்து வெளியிடுவது அவன் விளையாட்டாகத் தொடங்கிய இரண்டாவது தொழில். அதில் கை வைத்த நாளிலிருந்து கடல் ஒரு நிலையில் இல்லை. மூதூர்ப் பையன் ஒருவன் பாடியபோது வள்ளங்கள் எல்லாம் அவன் பக்கம் முகம் திருப்பின. அதில் அஷ்பாக்குக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

கப்பல்களைத் துறைக்குள் வழிநடத்தும் பைலட் சோமசேகரம் கப்பலிலிருந்து கயிற்றேணி வழியே இறங்கி, சன்னலுக்குள் தலையை நீட்டினார். "தம்பி, பாட்டை நிப்பாட்டுங்கோ. இது துறைக்குப் போகமாட்டனெண்டு நிக்குது."

நிறுத்தினார்கள். கப்பல் சங்கு ஊதியது. தெருக் கண்ணாடிகள் உதிர்ந்தன. திரும்பப் பாடினார்கள். கப்பல் ஆசையோடு இன்னும் நெருங்கி மூக்கைக் குசினிச் சுவரில் வைத்தது. அஷ்பாக்கின் மனைவி றுமானா கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டாள். "சுவர் விழப்போகுது. அவவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடவையுங்கோ, அதுவும் பின்னால வரும்!"

சோமசேகரத்தோடு ஏறிய இழுவைப் படகில் இராசமலர் பாட, அஷ்பாக் வாசிக்க, கப்பல் கன்றுக்குட்டிபோல் பின்னால் வந்தது. பாதித் தூரத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கப்பல் மெல்ல ஊர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

தன் பாட்டைப் பாட இதைவிட நல்ல நேரம் வராது என்று அஷ்பாக்குக்குத் தோன்றியது. வாயையும் திறந்துவிட்டான். பிறகு மூடிக்கொண்டு படகுக்காரர்களைப் பார்த்தான். இயந்திரக்காரனுக்கு அடிக்குரல், சமையல்காரனுக்கு நடுக்குரல், சோமசேகரத்துக்கு உச்சக்குரல் என்று இராசமலரின் பாட்டையே பிரித்துக் கொடுத்தான். "ஐயா, வெட்கப்படாதீங்க, வயித்துக்குள்ள இருந்து எடுங்க!" இராசமலர் கைதட்டித் தாளம் பிடித்தாள். கிரீசும் வெங்காயமும் மணக்கும் அந்தக் குரல்கள் ஒன்றாய்ச் சேர்ந்தபோது அஷ்பாக்குக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த ஏலவில்லை. கப்பல் மறுபடி துறைப்பக்கம் திரும்பியது. இடுப்பை ஆட்டி ஆட்டி, கோதுமையைத் தூவிக்கொண்டு துறையில் போய் ஒட்டி நின்றது.

கப்பல் தலைவர் இறங்கி வந்து யார் பாடியது என்று கேட்டார். எல்லாரும் இராசமலரைக் காட்டினார்கள். அவள் அஷ்பாக்கைக் காட்டினாள்.

இப்போது துறைமுகத்திலிருந்து காலையிலேயே அழைப்பு வந்துவிடுகிறது. "தம்பி, இண்டைக்கு என்ன பாட்டு, மெதுவானதோ, துள்ளலோ?" துள்ளலென்றால் சோமசேகரம் கப்பல்களுக்கு இரண்டு கயிறு கூடுதலாகக் கட்டச் சொல்கிறார்.