செல்லாத கையெழுத்து

பிரம்மாவரம் பக்கத்தில் யட்சகானக் கூத்து ஆட்டங்களுக்கு உடையும் கிரீடமும் வாடகைக்கு விடுபவர் மாபல தேவாடிகா. பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, படிக்கும் சிஞ்சனா, தன் கல்லூரிப் பெண்கள் ஆடுவதற்காக அவரிடம் மூன்று கிரீடங்கள் எடுத்தாள். சேதமானால் தானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஒத்திகை நடந்த மைதானத்தில் கோடை மழை கொட்டியது. ஜிகினாத் தாள் உரிந்து, சாயம் ஓடி, மூன்றும் பாழாயின.

மாபலர் அவளுடைய அப்பா ராகுராமிடம் பதினெட்டாயிரம் கேட்டு ஆள் அனுப்பினார். ராகுராம் குந்தாபுரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று தெரியாமல், தினமும் பஸ்ஸில் வரும் காமத் வக்கீலிடம் சொன்னான்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினேழு சார்."

"அப்ப அந்தக் கையெழுத்து செல்லாது. அவளும் குடுக்க வேண்டியதில்ல, நீயும் குடுக்க வேண்டியதில்ல. நீ ஏதாச்சும் எழுதிக் குடுத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப நிம்மதியா டிக்கெட்டைக் கிழி."

அன்று முழுக்க ராகுராமுக்கு உடம்பே லேசாக இருந்தது. சாயங்காலம் மாபலரே வீட்டுக்கு வந்தார். வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னான்.

அவர் சண்டைக்கு வரவில்லை. "வக்கீல் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா கண்டக்டரே, அன்னிக்கு நான் யாரை நம்பிக் குடுத்தேன்?"

உள்ளேயிருந்து சிஞ்சனா வந்தாள்.

"என்னை நம்பித்தான் குடுத்தீங்க."

"நீ உள்ள போ," என்றான் ராகுராம்.

"நான் போட்ட கையெழுத்துப்பா. என்னை ஒரு வார்த்தை கேக்காம செல்லாதுன்னு சொல்லிட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தான சொன்னேன்?"

"நாளைக்கு இவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவள் மாபலரிடம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை உங்க கொட்டகைக்கு வர்றேண்ணா. சொல்லிக் குடுங்க, நானே ஒட்டி சரி பண்றேன்."

மாபலர் லேசாகச் சிரித்தார். "வாம்மா. ஆனா உங்கப்பா எழுதிக் குடுக்கணும். இந்தத் தடவ நான் உஷாரு."

ராகுராம் பேனாவை எடுத்துவிட்டு நெடுநேரம் எழுதாமல் இருந்தான். இதுவரை சட்டப்படி அவனை யாராலும் பிடிக்க முடியாது. இதை எழுதினால் முடியும். மகள் அவனைக் கெஞ்சவில்லை. கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 'வேலை முடியாவிட்டால் மீதியை நான் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மழைக்காலம் முழுக்க அவள் போனாள். முதல் கிரீடம் கோணலாக வந்தது. பிரித்து மறுபடி ஒட்டினாள். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் உள்கட்டையே வெடித்திருந்தது. அதைத் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று மாபலர் சொல்லிவிட்டார். அதற்கு ஐந்தாயிரம் போதும் என்றார். ராகுராம் இரண்டு தவணையாகக் கொடுத்தான்.

கடைசித் தவணை கொடுத்த அன்று இரவு சாப்பிடும்போது அவள் சொன்னாள். "அந்த அஞ்சாயிரத்தை நான் வேலைக்குப் போனதும் குடுத்துடறேன்பா."

'அதெல்லாம் வேண்டாம்' என்பது வாய்வரை வந்தது.

"சரி, குடு," என்றான்.