பசை காயும் நேரம்

"விட்டுடாதீங்க. பசை காயிற வரைக்கும் அப்படியே புடிங்க. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போனாள். லிப்ட் மெக்கானிக் காண்டாமிருகத்தின் கொம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

சிமெண்ட் பையின் பழுப்புக் காகிதத்தில் செய்த காண்டாமிருகம். உடம்பு நன்றாகத்தான் வந்திருந்தது; முகம் மட்டும் கோபித்துக்கொண்ட பன்றி. அவள் கைவண்ணமே அப்படித்தான். கூரியர்காரர் ஒருமுறை அலமாரி மேலிருந்த ஒட்டகத்தைப் பார்த்து, "நாய்க்கு முதுகுல என்னங்க கட்டி?" என்று அக்கறையாக விசாரித்தார். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் மேஜை முழுக்கக் கத்தரித்த காதும் வாலும்தான். மெக்கானிக் வாயால் கிண்டல் செய்வாரே தவிர, வேலைக்குப் போன இடத்தில் நல்ல அட்டைப்பெட்டி கண்ணில் பட்டால் விடமாட்டார்.

உள்ளே 'தொம்'மென்று ஏதோ விழுந்தது.

"என்னடி, நிஜக் காண்டாமிருகமே வந்துடுச்சா?" என்று கத்தினார். பதில் இல்லை. தானே சிரித்துக்கொண்டார். எழுந்தால் கொம்பு சாய்ந்துவிடும். அப்புறம் யார் திட்டு வாங்குவது? பிடித்துக்கொண்டே இருந்தார். கை மரத்துப்போன பிறகு மெதுவாக விரலை எடுத்தார். கொம்பு நின்றது.

"வந்து பாரு, ஆடல அசையல!" என்று பெருமையடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

அவள் தரையில் கிடந்தாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மேல்வீட்டு நர்ஸ் ஓடிவந்தாள். நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். "எப்ப விழுந்தாங்க? உடனே கூப்பிட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள். மேஜையைச் சுவரோரம் தள்ளி, அவளை ஹாலில் கிடத்தினார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. பயமாக இருந்தது. துக்கம்கூட இல்லை, பயம்தான். உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்பதை யாரிடம் கேட்பது?

மதியம் மகள் வந்தாள். அம்மாவின் மேல் விழுந்து அழுதாள். கொஞ்சம் ஓய்ந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னப்பா ஆச்சு? காலைல பேசும்போதுகூட நல்லாத்தானே இருந்தாங்க."

"சத்தம் கேட்டுச்சும்மா" என்றார். "பாத்திரம் கீத்திரம் விழுந்திருக்கும்னு நெனச்சேன். கிண்டல் பண்ணிட்டு உக்காந்தே இருந்துட்டேன். அவதான் கொம்பப் புடிச்சுக்கச் சொல்லிட்டுப் போனா."

மகளின் அழுகை அப்படியே நின்றுபோயிற்று.

"எவ்ளோ நேரம்ப்பா?"

"பசை காயிற வரைக்கும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மனைவியின் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு திரும்பி மெக்கானிக்கின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வீட்லதானே இருந்தீங்க மாப்ள? விழுந்த சத்தம்கூடவா கேக்கல?"

மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"கேக்கல மாமா" என்றாள் மகள். "அம்மா மிக்சி போட்டிருந்தாங்க. ஹால்ல ஒண்ணுமே கேக்காது."

மாமா தலையை ஆட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மகள் எழுந்தாள். அப்பாவின் பக்கம் திரும்பாமலே சமையலறைக்குள் போனாள். மேடையில் மிக்சியைப் போர்த்தியிருந்த துணியை உருவி, நான்காக மடித்து, அலமாரிக்குள் வைத்து மூடினாள்.